பழைய தையல் மெஷின் மேசையைப் புதுப்பிப்பது எப்படி?



இந்த மாதச் சுவரிதழுக்கு "நீயே செய்து பார்த்த ஒன்றை எழுது" என்று தமிழம்மா சொன்னார்கள். நான் அரையாண்டு விடுமுறையில் எங்கள் அப்பத்தாவின் தையல் மெஷின் மேசையைச் சரிசெய்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாக நின்று படியுங்கள்.

மேசை வந்த கதை

எங்கள் வீட்டில் இருப்பது சிங்கர் மெஷின். கீழே இரும்புக் கால், மிதி பலகை, பெரிய சக்கரம். மேலே மரத்தில் மேசை. மேசைக்கு இரண்டு பக்கமும் இழுப்பறைகள் உண்டு. மெஷினை உள்ளே மடக்கிப் பலகையை மூடிவிட்டால் வெறும் மேசை மாதிரி இருக்கும். எங்க தாத்தா 1974-ல் காரைக்குடியில் ஒரு வீட்டுச் சாமான் விற்றபோது பழசாக வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம்.

1984-ல் தாத்தா இறந்துவிட்டார். அப்போது அப்பாவுக்கு ஆறு வயசு, அத்தைங்க ரெண்டு பேரும் அதைவிடச் சின்னப் பிள்ளைங்க. அப்பத்தா ஊருக்கெல்லாம் ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை தைத்துத்தான் மூன்று பேரையும் வளர்த்தார்கள். இப்போ அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மெஷின் ஏழெட்டு வருஷமாகத் திண்ணை மூலையில் கிடந்தது. மேலே உரச் சாக்கு, உடைந்த வாளி எல்லாம் போட்டு வைத்திருந்தோம்.

டிசம்பரில் பழைய இரும்புக்காரர் வந்தார். "மொத்தமா ஆயிரம் ரூபா தர்றேன். மரத்தை நீங்களே அடுப்புக்கு வெச்சுக்கங்க" என்றார். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். இடத்தை அடைக்குது, காசும் தேவை. அப்பத்தா ஒன்றுமே சொல்லவில்லை. எழுந்து போய்க் கொல்லையில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அது மனசைப் பிசைந்தது.

"அப்பா, பொங்கல் வரைக்கும் டயம் குடுங்க. நான் சரிபண்ணிக் காட்டுறேன். முடியலைன்னா போட்டுருங்க" என்றேன். அப்பா சிரித்தார். ஆனால் இரும்புக்காரரிடம், "பொங்கல் கழிச்சு வாய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தையல் மெஷின் வரலாறு கொஞ்சம்

1830-ல் பிரான்சு நாட்டில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டாளத்துக்குச் சட்டை தைக்கப் பட்டறை வைத்தார். மெஷின் வந்தால் நம் பிழைப்புப் போய்விடும் என்று மற்ற தையல்காரர்கள் 1831-ல் உள்ளே புகுந்து மெஷின்களை உடைத்துவிட்டார்கள். அப்புறம் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஊசியின் முனையில் காது, கீழே இன்னொரு நூல் என்பது அவருடைய மெஷினில் இருந்தது. 1851-ல் ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கினார். மெஷினைத் தவணையில் விற்று வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது அவருடைய கம்பெனி. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் உஷா மெஷின் செய்ய ஆரம்பித்தார்கள்.

இயந்திரங்கள் மனிதனை அடிமையாக்கும் என்று சொன்ன காந்தியடிகள், 1924-ல் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். உபயோகமான கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று என்று புகழ்ந்தார். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "காந்தியே சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

மெஷினின் அடிப்பலகையில் வலது பக்கம் ஒரு எண் பொறித்திருக்கும். எங்கள் மெஷின் எண்ணுக்கு முன்னால் ஒய் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. அப்படி இருந்தால் ஸ்காட்லாந்து நாட்டின் கிளைடுபேங்க் ஊரில், 1920-களுக்கும் 1935-க்கும் நடுவே செய்தது என்று அறிவியல் டீச்சர் பார்த்துச் சொன்னார்கள். அந்தத் தொழிற்சாலை 1885-ல் திறந்து 1980-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே இருக்கிற ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர்!

முதலில் நோய் என்ன என்று பார்க்கணும்

எங்கள் தெருவில் ஒரு ஆசாரித் தாத்தா இருக்கிறார். இப்போ வேலைக்குப் போவதில்லை. அவரைக் கூட்டி வந்து காட்டினேன். மேசையைத் தட்டினார், மோந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "தாயி, இது நம்ம தேக்கு இல்ல. சீமை மரம், ஓக்கு. அதுவும் முழுப் பலகை இல்ல. மேல மெல்லிசா இழைச்சு ஒட்டியிருக்கான்" என்றார். அந்த மெல்லிய தகட்டுக்கு வெனீர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

எங்கள் மேசையில் இருந்த குறைகள்:

1. ஓரத்தில் வெனீர் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.
2. பின்பலகையில் உளுத்துப்போன சின்னச் சின்ன ஓட்டைகள்.
3. மேலே வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்.
4. வலது இழுப்பறை திறக்கவே இல்லை.
5. நடுவில் கறுப்பாக ஒரு கறை.

வெனீர் ஏன் எழும்பியது தெரியுமா? அந்தக் காலத்தில் மரத்தை ஒட்டியது வஜ்ரத்தால். வஜ்ரம் என்பது மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசை. நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊறி விட்டுவிடும். நாங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டைக் கழுவும்போது இந்த மேசைமேலேயும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். சுத்தம் பண்ணுகிறோம் என்று நாங்களேதான் அதைக் கெடுத்திருக்கிறோம்.

செய்முறை

(1) தூசியைத் தட்டி, துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்து துடைக்கணும். உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடணும். தண்ணீர் நிற்கவே கூடாது.

(2) ஓட்டைக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்துப் பலகையைத் தட்டணும். மாவு மாதிரி வெளுப்பாகப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கலாம். எங்களுக்குக் கொட்டியது. ஒவ்வொரு ஓட்டையிலும் இங்க் பில்லரால் மண்ணெண்ணெய் விட்டேன். நாலு நாள் காற்றாட வைத்து மறுபடி தட்டினேன். தூள் கொட்டவில்லை. அப்புறம் தேன்மெழுகால் ஓட்டையை அடைத்தேன்.

(3) எழும்பின வெனீரைப் பிய்க்கக் கூடாது. அடியில் இருக்கிற பழைய பசையை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து எடுத்து, காய விட்டு, தென்னங்குச்சியால் பெவிகாலை உள்ளே தடவணும். மேலே ஒரு தாள், அதன்மேல் ஒரு சமமான பலகை, அதன்மேல் பாரம். எங்கள் வீட்டு அம்மிக்கல்தான் பாரம். ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. அன்றைக்கு அம்மா கடையில் பொடி வாங்கித்தான் குழம்பு வைத்தார்கள்!

(4) திறக்காத இழுப்பறையைப் பின்பக்கமிருந்து மெல்லத் தள்ளித்தான் எடுக்கணும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும். எடுத்த பிறகு, உரசுகிற கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த இழுப்பறைக்குள் பொத்தான்கள், ஒரு அளவு நாடா, தாத்தா பெயர் எழுதின மளிகைச் சீட்டு ஒன்று இருந்தது. அப்பத்தா சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

(5) உப்புத்தாள் தேய்க்கும்போது ரொம்பக் கவனம் வேணும். வெனீர் மெல்லிசு என்பதால் சொரசொரப்பான தாளைப் போட்டால் தேய்ந்து அடிக்கட்டை தெரிந்துவிடும். 220, அப்புறம் 320 நம்பர் தாள் போதும். மர ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்கணும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

(6) கடைசியில் பாலிஷ். பழைய பாலிஷ் என்ன என்று கண்டுபிடிக்க, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தோம். பிசுபிசுவென்று கரைந்தது. அப்படிக் கரைந்தால் அது அரக்கு பாலிஷ். அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அவல் அரக்கைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். இரும்பு டப்பாவில் போட்டால் கறுத்துவிடும். காலையில் துணியில் வடிகட்டி, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டி, அதைத் தொட்டுத் தொட்டு மெல்லிசாகத் தடவினோம். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது என்று ஆறு பூச்சு. மழை மூட்டம் இருக்கும் நாளில் தடவினால் ஈரம் ஏறி வெளுத்துப் போகும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து நிழலில் வைத்துத் தடவணும். மேலே இருந்த வெள்ளை வட்டங்கள்கூட அரக்கில் ஈரம் ஏறினதால் வந்தவைதான். ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒற்றியதும் மறைந்துவிட்டன.

உங்களுக்குத் தெரியுமா?

அரக்கு என்பது மரத்துப் பிசின் இல்லை. அரக்குப் பூச்சி என்ற குட்டிப் பூச்சி புரசு, இலந்தை போன்ற மரக் கிளைகளில் இருந்துகொண்டு சுரப்பது. ஜார்க்கண்டில் அதிகமாக எடுக்கிறார்கள். அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சி அருகே நாம்கும் என்ற ஊரில் 1924-ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொல்லத் துரியோதனன் கட்டியது அரக்கு மாளிகை. ஏன் அரக்கு? சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால்தான். ஸ்பிரிட்டும் அப்படியே. அதனால் பாலிஷ் போடும்போது பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் விஷம். பெரியவர்கள் கூட இருந்தால்தான் தொடணும்.

நான் செய்த தப்பு

மேசை நன்றாக வந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஆசாரித் தாத்தா இல்லாத நேரத்தில் அதே ஸ்பிரிட்டால் மெஷினையும் துடைத்தேன். மெஷினில் இருக்கிற தங்கக்கலர்ப் பூவும் எழுத்தும் அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. துணியைப் பார்த்தால் தங்கமாக மின்னுகிறது! சிங்கர் என்ற பெயரில் முதல் எழுத்துப் போய், 'இங்கர்' ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். அப்பத்தா விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு போனா என்னடி, தைக்கிறதா பேரு?" என்றார்கள். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மெஷினை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால்தான் துடைக்கணும். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாவட்டத்தில் பிசினாகிச் சக்கரம் சுற்றாது.

அந்தக் கறுப்புக் கறை

மேசை நடுவில் இருந்த கறையைத் துடைக்கத் துடைக்கத்தான் அது என்ன என்று தெரிந்தது. ஒரு கத்தரிக்கோல்! இரண்டு வளையம், இரண்டு அலகு, அச்சு மாதிரி இருந்தது. அப்பத்தா எப்போதும் கத்தரிக்கோலை அதே இடத்தில்தான் வைப்பார்களாம். மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகுமாம். ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அதோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அதே ரசாயனம்தான் என்று அறிவியல் டீச்சர் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் அப்பத்தா மேசைமேல் மையால் எழுதி வைத்த மாதிரிதான்.

"ஆக்சாலிக் ஆசிட் போட்டா வெளுத்துரும், போடவா?" என்று ஆசாரித் தாத்தா கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குனிந்து அந்தக் கறைமேல் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "ராத்திரி முழிச்சுப் பாத்தா இந்தச் சத்தம்தான் கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிருவோம்" என்றார். அப்புறம், "வேணாம். அது இருக்கட்டும்" என்றார். அதனால் கறையை விட்டுவிட்டு மேலேயே பாலிஷ் போட்டோம்.

செலவும் வரவும்

இரும்புக் காலில் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். டவுனில் புதுத் தோல் பெல்ட் வாங்கி மாட்டினோம். அரக்கு, ஸ்பிரிட், உப்புத்தாள், பெயிண்ட், பெல்ட் எல்லாம் சேர்த்து 860 ரூபாய் ஆனது. என் உண்டியலில் இருந்தது 310. மீதியை அப்பா கொடுத்தார். ஆசாரித் தாத்தா கூலி வாங்கவில்லை. ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

போகிக்கு முதல் நாள் பெல்ட் மாட்டி அப்பத்தாவை உட்கார வைத்தோம். நூலை நான் கோத்தேன். அப்பத்தா மிதித்தார்கள். கண் தெரியாவிட்டாலும் துணி நேராக ஓடியது. இப்போ அந்த மெஷினில் அம்மா தைக்கப் பழகுகிறார்கள். அப்பத்தா பக்கத்துத் திண்ணையில் படுத்துக்கொண்டே, "கீழ் நூல் தீந்துபோச்சு, பாபினைப் பாரு" என்பார்கள். பார்த்தால் தீர்ந்துதான் இருக்கும். சத்தத்திலேயே தெரியுமாம்.

பொங்கல் கழித்து இரும்புக்காரர் வந்தார். அப்பா உடைந்த வாளியை மட்டும் எடைக்குப் போட்டார்.

தோழர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் பரணிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் உப்புத்தாளை வாங்குவதற்கும் முன்னால், வீட்டில் இருக்கிற வயசானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேசை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.



ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு

(ஆசாரித் தாத்தாவின் தலையணை உறையை நானே தைத்தேன். ஒரு பக்கம் கோணல். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.)