கொட்டியாரக் குடாவின் லோஞ்ச் ஓட்டி

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்ச் ஓட்டியவன் நான். பாலங்கள் வருமுன் தரைவழியே போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி இறங்க வேண்டும். குடாவை நேராக வெட்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி, கச்சேரியில் அலுவல் உள்ளவர், மீன்பெட்டி, தயிர்ச்சட்டி எல்லாம் எங்களோடுதான் வரும்.

பார்க்கிறவர்களுக்குக் குடா ஒரு பெரிய குளம்போலத் தெரியும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து இங்கேதான் கடலில் விழுகிறது. தென்மேற்குக் கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து வெளியே அடிக்கும். தண்ணீர் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். வடகிழக்கு வாடை தொடங்கினால் கதை வேறு. மகாவலி பெருகி, வேரோடு மரமும் ஆற்றுவாழையும் கலங்கிய தண்ணீரில் குடாவுக்குள் வரும். ஆற்றுவாழை விசிறியில் சுற்றினால் இயந்திரம் திணறி நிற்கும். வெள்ளம் வெளியே தள்ள, காற்று உள்ளே தள்ள, முகத்துவாரத்துக்கு நேரே அலை செங்குத்தாக எழும்பும். அந்த இடத்தை அகலச் சுற்றித்தான் போவேன். டீசல் கூடுகிறதென்று முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இந்த வாடை பழைய ஆள். 1659 நவம்பரில் இந்தியக் கிழக்குக் கரையில் புயலில் பாய்மரம் போய், அதைப் பழுதுபார்க்கத்தான் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸின் தகப்பன் தன் கப்பலை இந்தக் குடாவுக்குக் கொண்டுவந்தார். மறுவருடம் கண்டி அரசனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். மகன் தப்பியது 1679இல்.

சுக்கான் பிடிப்பதைச் சில மாதத்தில் பழகிவிடலாம். ஆளை ஏற்றாமல் விடுவதுதான் கஷ்டம். எங்கள் லோஞ்சின் பக்கப் பலகையில் ஒரு வெள்ளைக் கோடு அடித்திருந்தோம். தண்ணீர் கோட்டைத் தொட்டால் அதற்குமேல் ஒருவரும் ஏறக்கூடாது. “ஒரு ஆள்தானே காக்கா, புள்ளைக்குக் காய்ச்சல்” என்று துறையில் நின்று கெஞ்சுவார்கள். அப்போது அந்தத் தாயை ஏற்றி, சுகமான வாலிபன் ஒருவனை இறக்குவேன். ஏசுவான். கூரையில் மட்டும் யாரையும் விடமாட்டேன்: பாரம் மேலே போனால் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தபின் நிமிராது. சனம் பயந்து ஒரே பக்கம் ஓடினாலும் அதே கதிதான். ஆகவே துறை விடுமுன் எல்லோரையும் இருத்தி, அலை அடித்தாலும் எழும்பாதீர்கள் என்று உரக்கச் சொல்வேன். யுத்த காலத்தில் கடற்படைச் சோதனையும் சேர்ந்து, கடல் நல்லாயிருந்தும் துறையிலேயே காத்துக் கிடந்த நாட்கள் உண்டு.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு மற்றத் துறைகளிலும் பாலம் எழும்பியது. நோயாளி நடுக்கடலில் முனகுவதைக் கேட்ட எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஆனால் எல்லாத் துறைக்கும் பாலம் ஒரே நாளில் வருவதில்லை. 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாத இடத்தில் சனத்தைக் கடத்திய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். அதுவும் வாடை மாதம். பாலத்துக்கு அடிக்கல் நாட்டும் நாளிலேயே, வேலை முடியும்வரை ஓடப்போகும் மிதவைக்கும் பாரக்கோடு, உயிர்காப்பு அங்கி, இடம் நிறைந்தால் “இல்லை” என்று சொல்லத் துணிந்த ஓட்டி என மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.