லே நகரின் குளிர்காலம்: பனி பொழிந்தாலும் சிரமம், பொழியாவிட்டாலும் கவலை ஏன்?

லடாக் யூனியன் பிரதேசத்தின் லே நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது வழக்கமான ஒன்று. இந்நகரின் குளிர்கால வானிலை, மேற்கிலிருந்து வரும் மேகக் கூட்டங்களைப் பொறுத்து சில நாள்களுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்த மாற்றம் விமான சேவை முதல் அடுத்த பருவத்தின் விதைப்பு வரை அனைத்தையும் பாதிக்கிறது.

குளிர்ப் பாலைவனம் ஏன்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், சிந்து நதிப் பள்ளத்தாக்கில் லே அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தை இமயமலைத் தொடர்கள் தடுத்துவிடுவதால், இப்பகுதி மழை மறைவுப் பகுதியாக உள்ளது. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குக் கிடைக்கும் நீரின் அளவு சராசரியாகச் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே.

ஒரு வாரத்தில் நிகழ்வது என்ன?

குளிர்காலத்தில் லடாக்கிற்குப் பனியைக் கொண்டு வருபவை 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றுச் சுழற்சிகள். மத்திய தரைக்கடல் பகுதியில் உருவாகும் இவை ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயமலையை வந்தடைகின்றன.

இத்தகைய சுழற்சி நெருங்கும்போது முதலில் வானில் மெல்லிய மேகங்கள் பரவும். மேகங்கள் நிலத்தின் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால், அந்த இரவுகளில் குளிர் சற்றுக் குறையும். அடுத்த ஓரிரு நாள்களில் பனி பொழியும். ஆனால், வழியிலுள்ள மலைகளிலேயே ஈரத்தின் பெரும்பகுதி இறங்கிவிடுவதால், லே நகரில் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் பனியே படிகிறது.

மேகங்கள் விலகிய பிறகே கடுங்குளிர் தொடங்குகிறது. தரையில் படிந்த வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தெளிந்த வானத்தில் இரவு நேரத்தில் நிலத்தின் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகிறது. இதனால், பனி பொழிந்த நாளைவிட அதற்குப் பிந்தைய இரவுகளிலேயே வெப்பநிலை மிகவும் குறைகிறது.

போக்குவரத்தும் அன்றாட வாழ்வும்

ஸ்ரீநகர்-லே நெடுஞ்சாலையில் உள்ள சோஜிலா கணவாய், கடும் பனிப்பொழிவு காரணமாகக் குளிர்காலத்தில் மூடப்படுகிறது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பணிகளால் 2025-ஆம் ஆண்டில் அது 32 நாள்களில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு கட்டப்பட்டு வரும் சுமார் 13 கிலோ மீட்டர் நீளச் சுரங்கப்பாதை நிறைவடைந்தால், ஆண்டு முழுவதும் போக்குவரத்து சாத்தியமாகும்.

சாலை மூடப்படும் காலத்தில் விமானமே வெளியுலகுடன் நகரை இணைக்கும் முக்கிய வழி. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயக்கப்படுகின்றன. காலையில் மேகம் சூழ்ந்து மலைகள் புலப்படாமல் போனால், அன்றைய சேவைகள் ரத்தாகும் நிலை ஏற்படுகிறது. சிகிச்சைக்காக வெளியூர் செல்ல வேண்டிய நோயாளிகளும் காத்திருக்க நேரிடுகிறது.

கடுங்குளிரில் குடிநீர்க் குழாய்கள் உறைந்துவிடுகின்றன. சாதாரண டீசலும் கெட்டியாகிவிடும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத சிறப்பு டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

பனி குறைந்தால் என்ன ஆகும்?

இத்தனை இடர்களுக்கு இடையிலும் விவசாயிகள் பனியை எதிர்பார்க்கின்றனர். பார்லி, கோதுமை ஆகியவற்றின் விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் தேவை. ஆனால், மிக உயரத்தில் உள்ள பனிப்பாறைகள் ஜூன் மாதத்தையொட்டியே போதிய அளவில் உருகத் தொடங்குகின்றன. இடைப்பட்ட வாரங்களில் ஓடைகளில் நீர் வரத்துக்குத் துணைபுரிவது, தாழ்வான சரிவுகளில் குளிர்காலத்தில் படிந்த பனியே.

இந்த இடைவெளியை நிரப்பவே, லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல், ஓடை நீரைக் கிராமங்களுக்கு அருகே தேக்கி உறைய வைக்கும் செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். அவருக்கு 2015-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாக, குழாய் வழியே நீரைப் பீய்ச்சிக் கூம்பு வடிவில் உறைய வைக்கும் 'பனி ஸ்தூபி' முறையைப் பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் சோதித்தார். கூம்பு வடிவில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் பனி மெதுவாக உருகி, விதைப்புக் காலம் வரை நீர் தருகிறது.

எனினும், இம்முறைகள் ஓடையில் ஏற்கெனவே உள்ள நீரைச் சேமிக்குமே தவிர, புதிதாக நீரை உருவாக்குவதில்லை. மேற்கத்திய இடையூறுகள் வலுவிழந்து, தெளிந்த வானமும் கடுங்குளிரும் மட்டுமே வாரக்கணக்கில் நீடித்தால், விமானங்கள் தடையின்றிப் பறக்கும். ஆனால், வசந்த காலத்தில் வயல்களுக்குச் செல்லும் வாய்க்கால்கள் வறண்டுபோகும் அபாயம் உண்டு.