நூல் அறுந்தது... நாடே ஊமையானது!

குட்டீஸ், டோங்கா என்று ஒரு நாடு இருப்பது தெரியுமா? பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்துக்கு வடக்கே சிதறிக் கிடக்கும் குட்டிக் குட்டித் தீவுகள்தான் அந்த நாடு. மொத்த மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம்தான்.

2022 ஜனவரி 15 அன்று மாலை, அங்கே கடலுக்குள் இருந்த எரிமலை ஒன்று பயங்கரமாக வெடித்தது. அந்தச் சத்தம் அமெரிக்காவின் அலாஸ்கா வரை கேட்டதாம்! சாம்பல் மழை கொட்டியது. சுனாமி வந்தது. அன்று மாலையே இன்னொன்றும் நடந்தது. நாடு முழுவதும் இன்டர்நெட் செத்துப் போனது. வெளிநாட்டுக்குப் போன் பேசவும் முடியவில்லை.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்க்கும் டோங்கா மக்கள் ஏராளம். அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! எரிமலை வெடித்த செய்தி டி.வி.யில் ஓடுகிறது. ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டால் பதிலே இல்லை. வீடு இருக்கிறதா, கடல் கொண்டு போய்விட்டதா, எதுவும் தெரியாது. கடைசியில் என்ன நடந்தது என்று பார்க்க நியூசிலாந்து விமானத்தையே அனுப்ப வேண்டியிருந்தது.

காரணம் என்ன தெரியுமா? டோங்காவை வெளியுலகோடு இணைத்தது ஒரே ஒரு கடலடி கேபிள். பக்கத்து நாடான பிஜி வரை 827 கிலோமீட்டர் நீளம். ஆழ்கடலில் அதன் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். அதற்குள் முடி போல மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றின் வழியே ஒளியாக ஓடுகின்றன நம் பேச்சும் படமும். எரிமலை அதைத் துண்டு துண்டாக்கிவிட்டது. பப்புவா நியூகினியிலிருந்து பழுதுபார்க்கும் கப்பல் வந்து, 80 கிலோமீட்டருக்கும் மேல் புதுக் கேபிள் போட்டு, பிப்ரவரி 22 அன்றுதான் இணைப்பு திரும்பியது. ஐந்து வாரம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 2019 ஜனவரியிலும் இதே கேபிள் அறுந்து டோங்கா திண்டாடியது. அப்போதே இன்னொன்று போட்டிருக்கலாமே என்கிறீர்களா? சொல்வது சுலபம். கடலுக்கடியில் 800 கிலோமீட்டர் கேபிள் போடக் கோடிக்கணக்கில் செலவாகும். ஒரு லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு அது யானை வாங்குவது மாதிரி.

நம் நாட்டுக்கு இப்படி ஆனதில்லையா? ஆனது! 2008 ஜனவரி 30 அன்று, மத்தியதரைக் கடலில் இரண்டு பெரிய கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. நம்மை ஐரோப்பாவோடு இணைத்தவை அவை. இரண்டே நாளில் துபாய் பக்கம் மூன்றாவதும் போனது. அந்த இடத்தில் கடலுக்கடியில் கிடந்தது, யாரோ விட்டுப்போன ஐந்து டன்னுக்கும் மேல் எடையுள்ள நங்கூரம்!

இந்தியாவின் இன்டர்நெட் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் டோங்கா போல ஊமையாகிவிடவில்லை. காப்பாற்றியதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இலும் 2004இலும் போட்ட கேபிள்கள் இருந்தனவே! மேற்கே அடைத்துக்கொண்டதும் தகவல்கள் கிழக்கே திரும்பின. சிங்கப்பூர், பசிபிக் கடல், அமெரிக்கா என்று உலகைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். இருந்தாலும் தொட்டுவிட்டது அல்லவா?

சரி, ஒரு வழி அடைபட்டால் 'இந்தப் பக்கம் போ' என்று யார் சொல்வது? ஆள் உட்கார்ந்து சுவிட்சைத் திருப்பினால் நேரம் ஆகிவிடுமே! அந்த வேலையை ரூட்டர் என்ற பெட்டிகளே பார்த்துக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்து ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று 'ஹலோ' சொல்லிக்கொண்டே இருக்கும். நிஜமாகவே அந்தச் செய்திக்குப் பெயர் 'ஹலோ'தான்! 'ஓ.எஸ்.பி.எஃப்.' என்ற பிரபலமான முறையில், வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ஹலோ. 40 நொடி வரை ஒரு ஹலோவும் வரவில்லை என்றால், 'அந்த வழி போச்சு' என்று முடிவு கட்டி, மற்ற ரூட்டர்களுக்கும் தகவல் சொல்லி, அடுத்த வழியில் அனுப்ப ஆரம்பித்துவிடும். இப்படித் தானாக மாறுவதற்குத்தான் 'ஃபெயிலோவர்' என்று பெயர். 40 நொடி அதிகம் என்று நினைப்பவர்கள், நொடிக்குப் பல தடவை விசாரிக்கும் முறையை வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஹலோ தவறியதுமே மாறினால் என்ன? அவசரப்பட்டால் ஆபத்து! ஆட்டம் காணும் கேபிள் என்றால் ஒரு நிமிடம் வரும், மறு நிமிடம் போகும். ரூட்டரும் இங்கும் அங்கும் மாறி மாறித் தாவி, இரண்டு வழியும் உருப்படாமல் போய்விடும்.

இப்படி மாற்று வழிகள் நிறைந்த வலை வேண்டும் என்று 1960களிலேயே எழுதியவர், அமெரிக்காவின் பால் பாரன். குண்டு விழுந்து பாதி வலை அழிந்தாலும் மீதி பேச வேண்டும் என்பது அவர் கவலை. வந்த தகவலைக் கையில் வைத்துக்கொள்ளாமல், கிடைத்த வழியில் உடனே தள்ளிவிடும் அவரது முறைக்கு அவர் வைத்த பெயர் 'சூடான உருளைக்கிழங்கு'!

ஆனால், வழிகள் நிறைய இருந்தால் மட்டும் போதாது. இன்டர்நெட்டின் தாத்தாவான 'ஆர்பாநெட்' வலையில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதிக்கு ஏழு தனித்தனி இணைப்புகள் இருந்தன. 1986 டிசம்பர் 12 அன்று ஏழும் ஒரே நேரத்தில் செத்தன! எப்படி? காகிதத்தில் அவை ஏழு. தரைக்கு அடியிலோ, ஏழும் ஒரே கண்ணாடி இழைக் கேபிளுக்குள் போயிருந்தன. அந்தக் கேபிள் அறுந்தது, கதை முடிந்தது. வீட்டுக்கு ஏழு சாவி செய்து, ஏழையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்த மாதிரி!

ஃபெயிலோவரை நீங்களே பார்க்க ஆசையா? அப்பா, அம்மாவிடம் கேட்டு, வைஃபையும் மொபைல் டேட்டாவும் உள்ள செல்போனை எடுங்கள். மாமாவுக்கோ சித்திக்கோ வீடியோ கால் போடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை அணைத்துவிடுங்கள். மாமாவின் முகம் சட்டென்று உறைந்து நிற்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மறுபடி அவர் பேச ஆரம்பிக்கும்போது உங்கள் எண்ணிக்கை எத்தனையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்!