தஞ்சாவூர்க் கலைத்தட்டு: வடிவமைப்பும் செய்தவர் பெயரும்

முன்னுரை

கைவினை நகைகள், அணிகலன்கள், இல்ல அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிய இன்றைய எழுத்துகளில் 'வடிவமைப்பாளர்', 'கைவினைஞர்' என இரு பிரிவினர் சுட்டப்படுகின்றனர். முன்னவர் வடிவத்தைக் கருதுபவர். பின்னவர் அதனைச் செய்துமுடிப்பவர் என்பது இப்பகுப்பின் அடிப்படை. முன்னவர் பெயர் பொருளோடு சேர்ந்து வழங்குகிறது. பின்னவர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இப்பகுப்பு மரபுவழிக் கைவினைக்குப் பொருந்துமா என்பதைத் தஞ்சாவூர்க் கலைத்தட்டைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கலைத்தட்டும் அதன் பயன்பாடும்

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்தில் (1798–1832) சிறந்த பரிசுப்பொருள் ஒன்றை உருவாக்கும் நோக்கில் இக்கலை தோன்றியது என்பது மரபுவழிச் செய்தி. வட்டமான பித்தளைத் தட்டின் நடுவில் பெரும்பாலும் தெய்வ உருவம் அமையும். அதனைச் சுற்றி வெள்ளியிலும் செம்பிலும் செய்த புடைப்புருவங்கள் பதிக்கப்படும். பித்தளையின் மஞ்சள், செம்பின் செம்மை, வெள்ளியின் வெண்மை ஆகிய மூன்று நிறங்களின் வேறுபாடே இதன் அழகுக்கு அடிப்படை. சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகவும் விழாக்களில் வழங்கும் நினைவுப் பரிசாகவும் இது இன்று பயன்படுகிறது.

மூவர் கைவண்ணம்

கலைத்தட்டு ஒருவர் கையால் முழுமை பெறுவதன்று. அடித்தட்டை உருவாக்குவது கனமான உலோக வேலை. மெல்லிய வெள்ளித் தகட்டையோ செம்புத் தகட்டையோ உருவம் வெட்டப்பட்ட அச்சில் வைத்து அடித்துப் புடைப்புருவம் எடுப்பது நகைத்தொழில் சார்ந்த நுண்வேலை. எடுத்த உருவத்தின் பின்புறக் குழிவில் இறுகும் கலவையை நிரப்பி, அடித்தட்டில் உரிய இடத்தில் பொருத்தி, விளிம்புகளை இறுக்குவது பதிப்பு வேலை. இம்மூன்றும் தனித்தனித் திறன்கள். மரபில் இவை வெவ்வேறு தொழில்வல்லாரிடம் அமைந்திருந்தன.

இவர்களுள் வடிவமைப்பாளர் யார்? உருவத்தின் கோடுகள் அச்சிலேயே தீர்மானமாகிவிடுவதால் அச்சு வெட்டியவரைச் சுட்டலாம். ஆயினும், எந்த உருவத்தின் அருகில் எதனை வைப்பது, வெள்ளிக்கும் செம்புக்கும் எவ்வளவு இடம் தருவது என்பன பதிப்பவரின் முடிவுகள். எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் தகடு கிழியாமல் உருவம் துலங்கும் என்பது அடிப்பவரின் அறிவு. எனவே வடிவமைப்பு இங்குச் செய்கைக்கு முன்னரே முடிந்துவிடும் தனிச்செயலன்று, செய்கைதோறும் தொடர்வது.

சட்டத்தின் பார்வை

கலைத்தட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் ஊரின் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காக்கிறது. அதன் பதிவேட்டின் இரண்டாம் பகுதி, அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர்களுக்கு உரியது. குறிப்பிட்ட ஒரு தட்டைச் செய்தவர் யார் என்பது அதன் நோக்கத்தில் இல்லை.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ புதிய அல்லது மூலமான வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பளிக்கிறது. தலைமுறைகளாக வழங்கிவரும் உருவம் 'புதியது' ஆகாது. அதனைச் சிறிது மாற்றித் தாளில் வரைந்து பதிபவருக்கே இச்சட்டத்தின் கதவு எளிதில் திறக்கும். இவ்வாறு, ஒரு சட்டத்தில் ஊர் பெயர் பெறுகிறது; மற்றொன்றில் வரைந்தவர் பெயர் பெறுகிறார். மூவர் கைகளும் 'மரபு' என்னும் பொதுச்சொல்லுள் அடங்கிவிடுகின்றன.

கல்வெட்டுத் தரும் ஒப்பீடு

இந்நிலை இன்று தோன்றியதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன் காலக் கொடைநகைகளை எடை, முத்துகளின் எண்ணிக்கை, மணிகளின் தன்மை, கொடுத்தவர் பெயர் எனத் துல்லியமாகப் பதிவுசெய்கின்றன. அவை கொடை ஆவணங்களாதலின் நகையைச் செய்தவரைச் சுட்டுவது அவற்றின் நோக்கமாகவில்லை. அதே கோயிலில் குஞ்சரமல்லன் ஆகிய இராசராசப் பெருந்தச்சனின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. செய்தவர் பெயரைப் பதியும் வழக்கம் தமிழுக்கு அயலானதன்று என்பதற்கு அது சான்று.

முடிவுரை

கலைத்தட்டைப் பொறுத்தவரை வடிவமைப்பாளர், கைவினைஞர் என்னும் பகுப்பு தொழிலின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. விற்பனையும் சட்டமும் வகுத்தது. ஆய்வாளர் அதனை அப்படியே ஏற்றால், அறிவை உழைப்பாக மட்டும் கருதும் பிழை நம் ஆய்வுகளிலும் தொடரும். களஆய்வில் ஒரு தட்டைப் பதிவுசெய்யும்போது, உரியவர்களின் இசைவோடு, அச்சு வெட்டியவர், தகடு அடித்தவர், பதித்தவர் ஆகியோர் பெயர்களைத் தனித்தனியே குறிப்பது எளிய செயல். அருங்காட்சியகப் பட்டியல்களிலும் இம்முறையைப் பின்பற்றலாம். பழைய அச்சுகளும் அவற்றை வெட்டியவர் பெயரோடு ஆவணப்படுத்தப்பட வேண்டும். ஏனெனில் தட்டு விற்பனையாகி வெளியூர் சென்றபின், அதன் வடிவ அறிவுக்குப் பட்டறையில் எஞ்சும் முதன்மைச் சான்று அந்த அச்சே.