சுவருக்கு மஞ்சள், மாடிக்கு வெள்ளை

புதுச்சேரி ஒயிட் டவுனில் எல்லோர் கண்ணிலும் படுவது சுவர்களின் மஞ்சள் நிறம். வீட்டுக்குள் நிற்கும் புழுக்கத்தில் அதைவிடப் பெரிய பங்கு, தெருவிலிருந்து தெரியாத மொட்டைமாடியின் நிறத்துக்கு உண்டு. ஊர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நேரத்தில் சுவர்மேல் வெயில் சாய்ந்து வழுக்கிப் போக, மாடிதான் முழுவதையும் வாங்குகிறது.

விழும் வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போகும். மீதி உள்ளிறங்கி வெப்பமாகும். புதிதாக அடித்த சுண்ணாம்பு முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பிவிடும். பூச்சில்லாத சிமென்ட் தளம் திருப்புவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. தார் பூசிய தளம் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதிலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் பாதி விவரம்தான். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களில்தான் வெயிலின் ஏறத்தாழப் பாதி ஆற்றல் இருக்கிறது. அதனால் பார்வைக்கு ஒரே நிறமான இரண்டு பெயின்ட்டுகள் வெவ்வேறு அளவில் சூடேறலாம்.

ஏறிய சூட்டை வெளியே விடுவதில் கறுப்பே கெட்டிக்காரன் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மாடியின் வெப்பநிலைக்கு அது பொருந்தாது. நன்றாக உறிஞ்சுவது நன்றாக உமிழும் என்று 1859இல் கிர்க்கோஃப் நிறுவிய விதி, ஒரே அலைநீளத்துக்குத்தான் செல்லும். சூடான தளம் உமிழும் கதிர்கள் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியவை. அங்கே சுண்ணாம்பும் கறுப்பு பெயின்ட்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சுமார் 90 சதவீதத் திறனுடன் உமிழ்கின்றன. பகலில் வெயிலைத் தள்ளி, இரவில் சூட்டை இறக்கிவைக்கும் சுண்ணாம்பின் சிறப்பு இதுதான். பளபளக்கும் புதுத் தகரக் கூரை இதற்கு நேர்மாறு. வெயிலில் கொஞ்சம் திருப்பினாலும், ஏறிய சூட்டைக் கதிராக வெளியேவிட அதற்கு வராது. மதியத்தில் அதன்மேல் கை வைக்க முடியாது.

தூமா வீதியின் கோல்கொண்டா விடுதி வேறு வழியில் போனது. 1930களில் ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில், தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளிவிட்டு வைக்கப்பட்டுள்ளன. ஓட்டின் நிழல் தளத்தில் விழ, இடைவெளியில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகிறது.

அப்படிக் கட்டாத வீடுகளுக்குச் சுண்ணாம்பே மலிவான வழி. அடித்த ஈரத்தில் மங்கலாக இருந்து, காயக் காயத்தான் அது வெளுக்கும். கடலோர ஈரக்காற்று தன் பங்குக்கு வெப்பத்தைத் தளத்துக்கே திருப்பி அனுப்புவதால், இந்த ஊரில் இரவுக் குளிர்ச்சி உள்நாட்டைவிடக் குறைவு. பகலில் வெயிலைத் தள்ளுவதே பெரிய ஆதாயம். வடகிழக்குப் பருவமழை விட்டுச்செல்லும் பாசியும் கருமையும் அதைத் தின்றுவிடும். ஆண்டுதோறும் பங்குனி வெயில் முற்றும் முன்பே மாடியைத் தேய்த்துக் கழுவி, மறுபூச்சு அடித்துவிட வேண்டும்.