தோலில் இருக்கிறது மருந்து

துளசி, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம். மேல்நாட்டுச் சமையலில் புழங்கும் சேஜ் செடியும் இவற்றுக்குச் சொந்தம்தான். சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கம் ஒப்பந்த முறையில் பயிராகும் மருந்துக் கூர்க்கனும் அந்த வகையறா. விவசாயிகளிடம் கோலியஸ் என்று கேட்டால் உடனே புரியும். துளசியில் இலைக்கு மதிப்பு, இதில் வேருக்கு. நுனித்தண்டை நட்டு, ஐந்தாறு மாதத்தில் கிழங்கு போல் பருத்த வேரைத் தோண்டி, நறுக்கி, வெயிலில் காயவைத்து அனுப்புகிறார்கள்.

எல்லாம் ஃபோர்ஸ்கோலின் என்ற ஒரே பொருளுக்காக. 1970களில் இந்திய ஆய்வுக்கூடங்களில் கண்டெடுத்தது. நம் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளைப் பெருகச் செய்யும், ரத்தக் குழாயைத் தளர்த்தும்.

அது வேரில் எங்கே இருக்கிறது? பச்சை வேரைப் பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், வேரைப் பருமனாகக் காட்டுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெல்லிய சுவர்ச் செல்களும் சைலமும்தான் என்பது தெரியும். பார்க்க வேண்டிய இடம் ஓரம். அங்கே சில அடுக்குகளாகத் தக்கைச் செல்கள், செங்கல் வரிசை போல. சூடான் சாயம் ஒரு சொட்டு விட்டால் அவற்றுக்குள் எண்ணெய்த் துளிகள் சிவந்து தெரியும். ஃபோர்ஸ்கோலின் சேர்ந்திருப்பது இந்தத் தக்கைச் செல்களில். அதன் மூலப்பொருளும் இங்கேயே உருவாகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இலைத் தூவிகளின் தலையில் எண்ணெயைச் சுரந்து வைப்பது இந்தக் குடும்பத்தின் வழக்கம். கூர்க்கன் இலையிலும் அந்தத் தூவிகள் உண்டு. ஆனால் இந்தச் சரக்கை மட்டும் மண்ணுக்கடியில் தோலில் பதுக்கிவிட்டது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: வேர் பருக்கப் பருக்க எடை ஏறும், ஆனால் எடைக்குத் தக்க தோல் ஏறாது. எனவே கிழங்கின் பருமனை மட்டும் பார்த்துத் தரம் சொல்வது சரியல்ல. மண் போகட்டும் என்று தோலைச் சுரண்டுவது அதைவிடத் தப்பு, போவது மருந்து.

பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளில் பிளஸ் ஒன் தாவரவியல் நடத்துகிறவர்கள், பாடத்தில் உள்ள வேர்களோடு இதையும் ஒருமுறை சீவிக் காட்டலாம். பள்ளி நுண்ணோக்கியே போதும். ஒன்று மட்டும்: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூர்க்கன் பொடியைத் தொட வேண்டாம். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.