ஆமைத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

"குளத்துல மீனும் ஆமையும் ஒண்ணாத்தானே இருக்கு, தொட்டியில இருந்தா என்ன?" சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலில் பாதி ஆமையின் வாயில் இருக்கிறது. மீதி, நம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்திருக்கிறது.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. குஞ்சின் ஓடு சுமார் 3 சென்டிமீட்டர். நன்கு வளர்ந்த பெண் ஆமைக்கு 25 சென்டிமீட்டரைத் தாண்டும். சிறு வயதில் புலால் அதிகம் தின்னும், வயது ஏற ஏற இலை தழைக்கு மாறும். அதற்காக அருகில் வரும் மீனை விட்டுவைக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

ஆமைக்குப் பல் கிடையாது. கழுத்தைச் சட்டென நீட்டி, வாயைத் திறக்கும்போதே தொண்டையை அகல விரிக்கும். உள்ளே பாயும் தண்ணீரோடு சிறு மீனும் போய்விடும். வாய்க்கு அடங்காததைக் கவ்விக்கொண்டு முன்கால் நகங்களால் கிழிக்கும். தழையத் தழைய வாலை ஆட்டிக்கொண்டு மெல்ல நீந்தும் கோல்டு பிஷ் இதற்கு எளிய இரை. அந்த மீனின் உடலில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். ஆகவே கோல்டு பிஷ்ஷையே தொடர்ந்து தின்னும் ஆமையும் சத்துக் குறைந்து நலியும். 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்கும் சக்கர் மீனும் சரிப்படாது. அதன் துடுப்பு முள் ஆமையின் தொண்டையைக் கிழிக்கக்கூடும்.

ஒரு கடிகூடப் படாத மீனும் செத்து மிதப்பதுதான் பலருக்குப் புரியாத புதிர். ஆமை நிறையத் தின்னும், நிறையக் கழியும். கழிவிலும் மிச்ச உணவிலும் இருந்து அம்மோனியா சேர்கிறது. மீன் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாகத்தான் வெளியேற்றும். வெளியே ஏற்கெனவே அது மிகுந்திருந்தால் உள்ளே இருப்பது போக வழியில்லை. ஆமைக்கு நுரையீரல். தலையை வெளியே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கும். தண்ணீரும் பளிங்குபோல் தெரியும். ஆமை நன்றாக இருப்பதைப் பார்த்து, வளர்ப்பவர் மீன்மேல் குறை சொல்வார்.

தண்ணீரின் காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. சூடு கூடினாலும் கூடும். காரமான போர்த் தண்ணீரும் நம் கோடையும் சேர்ந்தால் மீனின் கதி என்ன ஆகும்!

பில்டருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தாம் மீனின் காவல். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அவை அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

குளத்தில் இந்தக் கழிவு பல லட்சம் லிட்டரில் கரைந்துவிடுகிறது, மீனுக்கு ஓடி ஒளியவும் இடம் உண்டு. வளர்ப்பவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர். பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். நம் வீடுகளில் இருக்கும் இரண்டடித் தொட்டி 60 லிட்டரைத் தொடாது. இதில் மீனுக்கு என்று எதை ஒதுக்குவது? பெரிய தொட்டியும், ஆமைக்கு ஏற்ற வலுவான பில்டரும், ஆமை ஏறி உடல் காய மேடும் அமைக்க முடிந்தவர்கள் வேகமாக நீந்தும் பெரிய மீன்களை விட்டுப் பார்க்கலாம். அப்போதும் ஒன்றிரண்டு குறையும். மற்றவர்கள் இரண்டில் ஒன்றை வளர்ப்பதே நல்லது என்பது என் கட்சி.

ஆமை பெரிதானதும் ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் அதைப் புண்ணியம் என்றுகூட நினைக்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. விட்ட இடத்தில் உள்ளூர் ஆமைகளோடு உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அது போட்டி போடும். ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997-லேயே நிறுத்திவிட்டது.